நீலப் புள்ளிக்குப் பின்னால்: நாய்களுக்குச் செய்யும் லைம் பரிசோதனை

அமெரிக்காவின் வடகிழக்கில், குறிப்பாக நான் வாழும் கனெக்டிகட் மாநிலத்தில், நாயின் ஆண்டுப் பரிசோதனையில் உள்ளங்கை அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் பட்டைக்கும் இடம் உண்டு. நாயிடமிருந்து எடுத்த இரத்தத்தில் மூன்று சொட்டும், கூடவே வரும் புட்டியிலுள்ள திரவத்தில் நான்கு சொட்டும் கலந்து அதன் குழியில் ஊற்றுவார்கள். திரவம் ஊர்ந்து சென்று மறுமுனையிலுள்ள வட்டத்தைத் தொட்டதும் பட்டையை அழுத்திவிட்டு எட்டு நிமிடம் காத்திருப்பார்கள். இதயப்புழு, உண்ணிக் கடியால் பரவும் பாக்டீரியாத் தொற்றுகளான எர்லிக்கியா, அனாபிளாஸ்மா, லைம் என்னும் நான்கில் எதற்குரிய தடயம் இரத்தத்தில் இருக்கிறதோ, அதற்குரிய இடத்தில் ஒரு நீலப் புள்ளி தோன்றும். ஐடெக்ஸ் நிறுவனத்தின் ஸ்னாப் ஃபோர் டிஎக்ஸ் பிளஸ் என்ற இந்தப் பட்டையைத்தான் எங்கள் பகுதி மருத்துவமனைகளில் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

எங்கள் வீட்டு லாப்ரடாரின் பெயர் சிட்டு. அவளுக்கு லைம் புள்ளி நீலமாகத் தெரிந்த பிறகுதான் இந்த எட்டு நிமிடச் சோதனைக்குப் பின்னால் எவ்வளவு அறிவியல் இருக்கிறது என்று நான் தேடிப் படிக்கத் தொடங்கினேன். அதற்குச் சில மாதங்கள் கழித்து ஹார்ட்ஃபோர்ட் பக்கம் வசிக்கும் நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். “அண்ணா, எங்க நாய்க்கு ரத்தத்துல லைம் இருக்குன்னு சொல்லிட்டாங்க. பிள்ளைங்க அவனைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்குதுங்க. இப்ப என்ன பண்றது?” என்று கேட்டபோது அவர் குரல் நடுங்கியது. அன்று அவருக்குச் சொன்னதையே, இன்னும் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். நாய் வளர்க்கும் தமிழ்க் குடும்பங்கள் இந்தப் பகுதியில் பெருகிவருகின்றன, அவர்களுக்குப் பயன்படக்கூடும்.

முதலில் தெளிவாக வேண்டியது ஒன்று. அந்த நீலப் புள்ளி “இந்த நாய்க்கு லைம் நோய்” என்று அறிவிப்பதில்லை. லைம் பாக்டீரியாவைச் சுமந்த உண்ணி ஒன்று இந்த நாயைக் கடித்திருக்கிறது, பாக்டீரியா உடலுக்குள் நுழைந்திருக்கிறது, உடல் அதை அடையாளம் கண்டு எதிர்ப்பொருள் (அதை எதிர்க்கும் இரத்தப் புரதம்) உண்டாக்கியிருக்கிறது என்பது மட்டுமே அதன் பொருள். தொற்றுக்கு ஆளாவதும் நோயுறுவதும் மனிதர்களிடம் பெரும்பாலும் ஒன்றையொன்று தொடர்ந்து வருகின்றன. நாய்களிடம் அப்படி இல்லை. தொற்றுக்கு ஆளான நாய்களில் மிகப் பெரும்பான்மையானவை, நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை, எந்த நோய்க்குறியும் காட்டாமலேயே வாழ்ந்து முடித்துவிடுகின்றன. மீதமுள்ளவற்றுக்குக் காய்ச்சல், சோர்வு, பசியின்மை, நிணநீர்க் கணு வீக்கம், ஒரு காலில் தொடங்கி இன்னொரு காலுக்கு மாறும் நொண்டல் ஆகியவை வரக்கூடும். மனிதத் தோலில் விரியும் சிவந்த வளையத்தை நாயின் தோலில் தேடிப் பயனில்லை.

இந்த வேறுபாட்டைச் சோதித்துக் காட்டியவர்கள் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள். 1990-களின் தொடக்கத்தில் அவர்கள் பீகிள் நாய்க்குட்டிகள் மீது காட்டிலிருந்து பிடித்த உண்ணிகளை விட்டுக் கவனித்தார்கள். கடிபட்ட குட்டிகள் இரண்டு முதல் ஐந்து மாதம் கழித்தே நொண்டின, அதுவும் பெரும்பாலும் கடிபட்ட இடத்துக்கு அருகிலுள்ள காலில். சில நாட்களில் அந்த நொண்டல் தானாகவே சரியானது. ஆகவே உண்ணி கடித்த மறுவாரம் நாய் நொண்டினால் அதற்கு வேறு காரணம் தேடுவதே சரி. ஒரு மாத்திரை கொடுத்ததும் நொண்டல் நின்றுவிட்டால், “அப்படியென்றால் அது லைம்தான்” என்று முடிவு கட்டுவதும் தவறு. நொண்டல் தானாகவே நிற்கக்கூடியது. டாக்சிசைக்ளின் மருந்துக்குப் பாக்டீரியாவைக் கொல்வதோடு வீக்கத்தைத் தணிக்கும் குணமும் உண்டு. அதே உண்ணி பரப்பும் அனாபிளாஸ்மாவும் அதே மருந்துக்கு அடங்கும்.

இந்த நோய்க்குப் பெயர் கொடுத்த லைம் நகரம் கனெக்டிகட் ஆறு கடலில் கலக்குமிடத்துக்கு அருகில் இருக்கிறது. அங்கும் பக்கத்து ஊர்களிலும் குழந்தைகளுக்கு மூட்டுவாதம் வழக்கத்துக்கு மாறாகப் பெருகுவதை 1975-இல் இரண்டு தாய்மார்கள் விடாப்பிடியாகச் சுட்டிக்காட்டினார்கள். யேல் பல்கலைக்கழகத்தின் ஆலன் ஸ்டீர் அதை ஆராயத் தொடங்கினார். நியூயார்க்கின் ஷெல்டர் தீவிலிருந்து வந்த உண்ணிகளின் குடலில் சுருள் வடிவப் பாக்டீரியாக்களை வில்லி பர்க்டார்ஃபர் என்னும் ஆய்வாளர் 1981-இல் கண்டுபிடித்தார். பாக்டீரியாவுக்கு பொரேலியா பர்க்டார்ஃபரி என்று அவர் பெயரே நிலைத்தது. இந்தக் கதை பலரும் அறிந்தது. அதிகம் பேசப்படாதது அடுத்து நடந்த வேலை. நியூஹேவனிலுள்ள கனெக்டிகட் வேளாண் ஆய்வு நிலையத்தில் லூயிஸ் மாக்னரெல்லி, ஜான் ஆண்டர்சன் ஆகியோர் சில ஆண்டுகளுக்குள்ளாகவே வீட்டு விலங்குகளின் இரத்தத்தைச் சோதிக்கத் தொடங்கினார்கள். தெற்குக் கனெக்டிகட் நாய்களில் பொரேலியாத் தொற்று பற்றிய அவர்களது கட்டுரை 1985-இல் வெளிவந்தது. 1990-இல் பூனைகளைப் பற்றியும் எழுதினார்கள். பயிர்களுக்காக நிறுவப்பட்ட ஓர் ஆய்வு நிலையம் நாயின் இரத்தத்தையும் பூனையின் இரத்தத்தையும் எடுத்து, இந்தத் தொற்று எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று பொறுமையாகத் தேடியதை நினைக்கும்போது எனக்கு மிகுந்த மரியாதை தோன்றுகிறது. அதே நிலையம் இன்றும் இம்மாநிலத்தவரின் உடலிலிருந்து எடுத்த உண்ணிகளைச் சோதித்துச் சொல்கிறது.

அந்தக் காலத்துச் சோதனைகளில் ஒரு பெரிய குறை இருந்தது. ஆய்வகத்தில் வளர்த்த முழுப் பாக்டீரியாவையே இரையாக வைத்து, நாயின் இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள் அதில் ஒட்டுகிறதா என்று பார்த்தார்கள். முழுப் பாக்டீரியாவில் எத்தனையோ புரதங்கள் இருக்கின்றன. அவற்றில் சில வேறு பாக்டீரியாக்களுக்கும் பொதுவானவை. அதைவிட மோசமான சிக்கல் 1990-இல் நாய்களுக்கான லைம் தடுப்பூசி வந்தபோது எழுந்தது. தடுப்பூசி போட்ட நாயும் பாசிட்டிவ், உண்ணி கடித்த நாயும் பாசிட்டிவ். இரண்டையும் பிரித்தறிய வெஸ்டர்ன் பிளாட் என்னும் தனிச் சோதனை தேவைப்பட்டது. அதற்குச் செலவும் அதிகம், காத்திருப்பும் அதிகம்.

இந்தச் சிக்கலை அவிழ்க்க உதவியது பாக்டீரியாவின் சொந்தத் தந்திரமே. பொரேலியா, தான் இருக்கும் இடத்துக்கேற்ப மேலுடையை மாற்றிக்கொள்கிறது. பட்டினியாகக் கிடக்கும் உண்ணியின் குடலில் அது ஆஸ்ப் ஏ என்ற புரதத்தைப் போர்த்தியிருக்கும். உண்ணி ஒரு விலங்கின் மேல் ஏறி இரத்தம் குடிக்கத் தொடங்கியதும், அந்தச் சூட்டையும் இரத்தத்தையும் உணர்ந்து ஆஸ்ப் ஏவைக் களைந்து ஆஸ்ப் சி புரதத்தை அணிகிறது. பிறகு உமிழ்நீர்ச் சுரப்பிக்கு நகர்ந்து, அங்கிருந்து விலங்கின் தோலுக்குள் இறங்குகிறது. இந்த மாற்றத்துக்கும் பயணத்துக்கும் நேரம் பிடிக்கிறது. உண்ணி ஒரு நாளுக்கு மேல், பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு நாட்கள் ஒட்டியிருந்தால்தான் தொற்று பரவும் என்று சொல்வது இதனால்தான். அன்றாடம் நாயின் காதுமடலையும் கழுத்துப் பட்டைக்கு அடியிலும் தடவிப் பார்க்கும் பழக்கத்துக்கு உள்ள மதிப்பும் இதுவே. விலங்கின் உடலுக்குள் வந்த பிறகு பாக்டீரியா விஎல்எஸ்ஈ என்ற இன்னொரு புரதத்தை வெளிக்காட்டுகிறது. நோயெதிர்ப்பு அமைப்பை ஏய்ப்பதற்காக அதன் பகுதிகளை ஓயாமல் மாற்றிக்கொண்டே இருக்கிறது. ஆனால் அந்தப் புரதத்தில் மாறாத ஒரு துண்டு உண்டு. ஆய்வாளர்கள் அந்தத் துண்டைப் போலவே செயற்கையாகச் செய்துகொண்டதுதான் சி6 பெப்டைடு.

நீலப் புள்ளியின் அடியில் இருப்பது இந்த சி6தான். உண்ணிக் குடலிலும் ஆய்வகக் குடுவையிலும் பாக்டீரியா இந்தப் புரதத்தைப் பெரும்பாலும் வெளிக்காட்டுவதில்லை என்பதால் தடுப்பூசியால் இதற்கு எதிர்ப்பொருள் உண்டாவதில்லை. எனவே சி6 பாசிட்டிவ் என்றால் உண்மையான தொற்று நேர்ந்திருக்கிறது என்று பொருள். தொற்று ஏற்பட்டு மூன்று முதல் ஐந்து வாரங்களில் இந்த எதிர்ப்பொருள் இரத்தத்தில் தெரிகிறது. இதிலிருந்து நடைமுறைக்கு ஒரு முக்கியமான முடிவு கிடைக்கிறது: நேற்று நாயின் உடம்பிலிருந்து உண்ணியைப் பிடுங்கிவிட்டு இன்று இரத்தப் பரிசோதனைக்கு ஓடுவதில் அர்த்தமில்லை. இன்றைய நெகட்டிவ் அந்தக் கடியைப் பற்றி எதுவும் சொல்லாது. ஒரு மாதத்துக்கு மேல் பொறுத்துச் சோதித்தால்தான் விடை கிடைக்கும். கார்னெலின் கால்நடை ஆய்வகம் 2011 முதல் வழங்கும் இன்னொரு சோதனை, ஆஸ்ப் ஏ, ஆஸ்ப் சி, ஆஸ்ப் எஃப் ஆகிய மூன்றுக்கும் எதிரான எதிர்ப்பொருள்களைத் தனித்தனியே அளந்து, தொற்று புதியதா பழையதா என்று கணிக்க உதவுகிறது. எல்லா நாய்க்கும் அது வேண்டியதில்லை. குழப்பமான நிலையில் மட்டும் பயன்படும்.

இனி, புள்ளி நீலமானால் என்ன செய்வது? என் நண்பரின் நாய்க்கு அதைப் பார்த்த மருத்துவமனையில், வேறெதுவும் சோதிக்காமல் அன்றே ஒரு மாதத்துக்கு டாக்சிசைக்ளின் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நாய் நன்றாக ஓடி விளையாடிக்கொண்டிருந்தது. மருந்து தொடங்கியதும் வாந்தி எடுத்து, சோற்றைத் தொடாமல் படுத்துவிட்டது. இந்த வழக்கத்தோடு எனக்கு உடன்பாடில்லை என்று வெளிப்படையாகவே சொல்வேன். அமெரிக்கக் கால்நடை உள்மருத்துவக் கல்லூரி என்னும் வல்லுநர் அமைப்பு இந்த நோய் குறித்து 2006-இல் ஓர் அறிக்கையும் 2018-இல் அதன் புதுப்பித்த வடிவத்தையும் வெளியிட்டது. நோய்க்குறி எதுவும் இல்லாத, சிறுநீரில் புரதமும் இறங்காத நாய்க்கு, எதிர்ப்பொருள் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக நுண்ணுயிர்க்கொல்லி கொடுப்பதை 2018-இன் வல்லுநர் குழுவில் பெரும்பாலோர் பரிந்துரைக்கவில்லை. மருந்து கொடுத்தாலும் பாக்டீரியா முழுவதுமாக அகன்றுவிடும் என்ற உறுதி இல்லை. எதிர்ப்பொருளும் உடனே மறைந்துவிடாது. அடுத்த ஆண்டும் புள்ளி நீலமாகவே தெரியலாம், அதைப் புதிய தொற்று என்று எண்ணி மறுபடியும் ஒரு மாதம் மருந்து என்று அந்தச் சுழல் நீளும்.

நாயின் சிறுநீரைச் சோதிப்பதே அந்த நேரத்தில் செய்ய வேண்டிய வேலை. இதை நான் எத்தனை முறை சொன்னாலும் போதாது என்று நினைக்கிறேன், ஏனென்றால் லைம் தொற்றால் நாய் உயிரிழக்கும் வழி பெரும்பாலும் மூட்டு வழியாக வருவதில்லை, சிறுநீரகம் வழியாகவே வருகிறது. மிகச் சில நாய்களில், பாக்டீரியாவின் புரதங்களும் அவற்றுக்கெதிரான எதிர்ப்பொருள்களும் பிணைந்து சிறுநீரகத்தின் வடிகட்டிகளில் படிந்துவிடுகின்றன. வடிகட்டி பழுதாகி இரத்தப் புரதம் சிறுநீரில் ஒழுகத் தொடங்குகிறது. லைம் நெஃப்ரைட்டிஸ் எனப்படும் இந்த நிலை வாந்தி, மெலிவு, உடல் வீக்கம் என்று வெளியே தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்துவிட்டிருக்கும். லாப்ரடார், கோல்டன் ரிட்ரீவர் இனங்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். ஆய்வகத்தில் இந்த நிலையை வேண்டுமென்று உண்டாக்கிப் பார்க்க முடியவில்லை. ஆகவே எந்த நாய்க்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லும் சோதனையும் இல்லை. சிறுநீரில் புரதம் இறங்கத் தொடங்கிவிட்டதா என்று அவ்வப்போது பார்ப்பது ஒன்றே வழி. முதலில் சாதாரணச் சிறுநீர்ச் சோதனை. புரதம் தென்பட்டால், சிறுநீரில் வெளியேறும் கழிவுப்பொருளான கிரியேட்டினினோடு அதன் விகிதத்தை அளப்பது.

சிட்டு லாப்ரடார் என்பதால் எங்கள் மருத்துவர் அன்றே சிறுநீரைச் சோதித்தார். புரதம் இல்லை. மருந்து வேண்டாம், சில மாதங்களுக்கு ஒருமுறை காலைச் சிறுநீரைக் கொண்டுவாருங்கள் என்றார். சி6 அளவை எண்ணாகத் தரும் சோதனையும் இருக்கிறது. மருந்து கொடுக்கும் முன்னும், ஆறு மாதம் கழித்தும் அளந்து, பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்திருந்தால் மருந்து வேலை செய்தது என்று கொள்கிறார்கள். ஆனால் அந்த எண் எவ்வளவு உயர்ந்திருந்தாலும், இந்த நாய் நோயுறும், அந்த நாய் நோயுறாது என்று அதை வைத்துச் சொல்ல இயலாது. எங்களுக்கு அந்த எண் தேவைப்படவில்லை.

நண்பரின் முதல் அச்சம் பிள்ளைகளைப் பற்றியது அல்லவா? நாயிடமிருந்து மனிதருக்கு லைம் நேரடியாகத் தொற்றுவதில்லை. கட்டிப்பிடித்தாலும் நக்கினாலும் வராது. ஆனால் நாயைக் கடித்த உண்ணிகள் எங்கே இருந்தனவோ, அங்கேதான் பிள்ளைகளும் விளையாடுகிறார்கள். வெள்ளைக்கால் சுண்டெலிகள்தான் இந்தப் பாக்டீரியாவின் முக்கிய இருப்பிடம். கனெக்டிகட்டின் பழைய கற்சுவர்களும், அவற்றை ஒட்டிக் குவியும் இலைச் சருகும் அந்தச் சுண்டெலிகளுக்குப் பிடித்த வாழிடங்கள். எலியிடமிருந்து பாக்டீரியாவைப் பெற்ற இளம் உண்ணி கசகசா விதை அளவே இருக்கும். மே முதல் ஜூலை வரை அது மனிதரைக் கடித்தாலும் பெரும்பாலும் கண்ணில் படாது. முழங்கால் உயரத்தில் புதரை முகர்ந்துகொண்டே போகும் நாய், நம்மைவிட மிக அதிகமாக இந்த உண்ணிகளைச் சந்திக்கிறது. அதனால்தான் நாய்களின் இரத்தம் ஓர் ஊரின் ஆபத்தை முன்கூட்டியே அளந்து காட்டுகிறது.

இது வெறும் ஊகமில்லை. அமெரிக்கா முழுவதிலுமிருந்து ஏறத்தாழ பத்து லட்சம் நாய்களின் சோதனை முடிவுகளைத் தொகுத்து 2009-இல் வெளியான ஆய்வில், நாடு முழுவதற்குமாக 5.1 விழுக்காடு நாய்களுக்கு லைம் எதிர்ப்பொருள் இருந்தது. வடகிழக்கில் அது 11.6 விழுக்காடு. 2011-இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வாளர்கள் நாய்களின் விழுக்காட்டையும் மனித நோயாளிகளின் எண்ணிக்கையையும் மாநிலவாரியாக அருகருகே வைத்துப் பார்த்தார்கள். நாய்களில் ஒரு விழுக்காடோ அதற்கும் குறைவாகவோ பாசிட்டிவ் வரும் மாநிலங்களில் மனிதருக்கு ஆபத்து மிகக் குறைவு. ஐந்து விழுக்காட்டைத் தாண்டினால் அது ஓர் எச்சரிக்கை. துணை விலங்கு ஒட்டுண்ணிக் குழு என்னும் அமைப்பு இந்த முடிவுகளை வட்டவாரியாக வரைபடமாக வெளியிடுகிறது. நான் விடுமுறைக்குப் போகும் ஊரை முதலில் அந்த வரைபடத்தில்தான் பார்க்கிறேன். ஆகவே ஒரு நாயின் புள்ளி நீலமானால், மருந்துக் கடைக்குப் போகும் முன், கொல்லைப்புறத்தின் சருகை அள்ளுவதும், பிள்ளைகளின் முழங்கால் மடிப்பிலும் தலைமுடிக்குள்ளும் தினமும் பார்ப்பதும், நாய்க்கு உண்ணி மாத்திரையைத் தவறாமல் கொடுப்பதும் முன்னுரிமை பெற வேண்டும். குளிர்காலத்தில் மாத்திரையை நிறுத்துகிறவர்கள் பலர். வளர்ந்த உண்ணிகள் அக்டோபர், நவம்பரில்தான் மும்முரமாக அலைகின்றன; பனி உருகும் எந்த நாளிலும் அவை எழுந்து வரும்.

உண்ணி அரிதாக உள்ள இடத்தில் இதே சோதனை வேறு விதமாகப் பேசுகிறது. ஒரு கணக்குக்காக, நூறு தொற்றில் தொண்ணூற்றைந்தைக் கண்டுபிடிக்கும், நூறு தொற்றில்லாத நாய்களில் ஒன்றைத் தவறாகப் பாசிட்டிவ் என்று சொல்லும் ஒரு சோதனையை எடுத்துக்கொள்வோம். ஆயிரம் நாய்களில் இருநூற்றுக்குத் தொற்று உள்ள ஊரில், 190 உண்மையான பாசிட்டிவுக்கு எட்டே தவறான பாசிட்டிவ் வரும். ஆயிரத்தில் பத்துக்கு மட்டும் தொற்று உள்ள ஊரில், ஒன்பது அல்லது பத்து உண்மைக்குப் பக்கத்தில் அதே அளவு பொய்யும் நிற்கும். அங்கே நாய் எங்கெல்லாம் பயணம் செய்தது என்று கேட்பது சோதனையைப் போலவே முக்கியமாகிவிடுகிறது. தமிழ்நாட்டில் நாய்க்கு உண்ணியால் காய்ச்சல் என்று மருத்துவர் சொல்வது பெரும்பாலும் பழுப்பு நாய் உண்ணி பரப்பும் எர்லிக்கியாவையோ பேபீசியாவையோதான். அது வேறு நோய். அதில் இரத்தத் தட்டணுக்கள் குறையும், சிகிச்சையைத் தாமதிக்கக் கூடாது. இங்கே லைம் பற்றிச் சொன்ன பொறுமையை அங்கே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

பூனைகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும். உண்ணி கடித்த பூனைகளுக்கு எதிர்ப்பொருள் உண்டாகிறது. ஆனால் இயற்கையான தொற்றால் அவை நோயுறுவது மிக அரிது. குதிரைகளின் கதை கடினமானது. வடகிழக்கில் பல குதிரைகளுக்கு எதிர்ப்பொருள் இருக்கிறது. ஓட விருப்பமின்மை, தோல் கூச்சம், இடம் மாறும் நொண்டல் என்று எதற்கும் லைமைக் காரணமாகச் சொல்லிவிடும் போக்கும் இருக்கிறது. கண்ணழற்சியும் நரம்பு மண்டலப் பாதிப்பும் குதிரைகளில் உறுதியாகப் பதிவாகியுள்ளன. மற்றவற்றுக்கு எதிர்ப்பொருளை மட்டும் சான்றாக வைப்பது போதாது.

அண்மைக் காலத்தில் எனக்கு அதிகம் கவலை தருவது வடக்கு. இங்கே லைமைப் பரப்பும் கருங்கால் உண்ணி ஆண்டுக்காண்டு கனடாவுக்குள் முன்னேறி வருகிறது. டொராண்டோவில் தமிழர்கள் செறிந்து வாழும் ஸ்கார்பரோவின் ஓரத்திலுள்ள ரூஜ் பூங்கா இப்போது லைம் அபாயப் பகுதியாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. மாலை நேரங்களில் அந்தப் பாதைகளில் நாயோடும் குழந்தைகளோடும் நடக்கும் உறவினர்கள் எனக்கு இருக்கிறார்கள். அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது: அடுத்த முறை நாயை மருத்துவரிடம் கூட்டிப்போகும்போது இதயப்புழுச் சோதனையோடு லைமையும் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள். பாசிட்டிவ் வந்தால், மருந்துச் சீட்டைக் கேட்கும் முன் சிறுநீர்ச் சோதனையைக் கேளுங்கள். அந்தச் செய்தியைத் தெருவில் நாய் வளர்க்கும் மற்றவர்களிடமும், பிள்ளைகளைப் பார்க்கும் குடும்ப மருத்துவரிடமும் சொல்லுங்கள்.